சாய்ப்புக்கு என்ன கூரை போடலாம்?

(கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில் கடன் குழு சார்பில் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வீட்டு வேலைக்கென்று நம் குழுக்களில் கேட்கிற கடன்களில், வீட்டோடு ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்குவதற்கான கடனும் உண்டு. தையல் மிஷின் போட, மாவு கிரைண்டர் வைக்க, பாய் நெய்ய, பூக்கட்ட, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க என்று ஆளுக்கொரு காரணம். ஆனால் கடன் மனுவில் "சாய்ப்பு போட" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். என்ன கூரை என்று குழுவில் யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் சொன்னது, மேஸ்திரி சொன்னது, இரண்டையும் வைத்து முடிவு ஆகிவிடுகிறது. தவணை கட்டப் போவது நாம். அந்தக் கூரைக்கு அடியில் பகல் முழுக்க உட்காரப் போவதும் நாம். அப்படியானால் கேள்வி கேட்க வேண்டியதும் நாம்தானே?

குளிர் நாடுகளில் வீட்டை ஒட்டிக் கண்ணாடிக் கூரை போட்டு ஓர் அறை கட்டுவார்கள். வெயிலை உள்ளே பிடித்து வைக்க அது. நம் ஊரில் கதை வேறு. நமக்கு வெளிச்சம் வேணும், வெயில் வேண்டாம். மழை ஒழுகக் கூடாது, காற்றுக்குப் பறக்கக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மூன்று கேள்விகள்

ஒன்று: சாய்ப்பில் யார், எந்த நேரத்தில் இருக்கப் போகிறார்கள்? விறகும் சைக்கிளும் வைக்க என்றால் எந்தக் கூரையும் போதும். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை ஒருவர் தைக்கப் போகிறார் என்றால் சூட்டைத்தான் முதலில் பார்க்கணும்.

இரண்டு: அடுப்பு அங்கே வருமா?

மூன்று: சாய்ப்பு இறங்கும் சுவர் எவ்வளவு உயரம்? இதை டேப் வைத்து அளந்த பிறகுதான் கடைக்குப் போகணும். காரணத்தை ஓடு பற்றிப் பேசும்போது சொல்கிறோம்.

கீற்று

தென்னங்கீற்று போலக் குளுமை வேறெதற்கும் வராது. கையிருப்பு குறைவாக இருந்தாலும் போட்டுவிடலாம். ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றணும். அதைவிடப் பெரிய விஷயம் தீ. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளை இழந்தோம். சமையல் நடந்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக்குத் தாவியது. எனவே அடுப்பு இருக்கிற சாய்ப்புக்குக் கீற்று வேண்டவே வேண்டாம். அடுப்பு இல்லாத இடம், பக்கத்தில் வேறு கூரை வீடு இல்லை என்றால் யோசிக்கலாம்.

சீமை ஓடு

மங்களூர் ஓடு என்றும் சொல்கிறோம். 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்ததால் வந்த பெயர் அது. சூடு குறைவு. ஓட்டுக்கு ஓடு இடைவெளி வழியாகச் சூடான காற்று வெளியேறிவிடும். ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். குரங்குத் தொல்லை உள்ள ஊரில் மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டி வரும்.

ஓட்டுக்கு வாட்டம் அதிகம் வேணும். இரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடி இறங்கணும். சுவரில் 9 அடி உயரத்தில் ஆரம்பித்து 10 அடி நீளம் சாய்ப்பு இறக்கினால், கடைசியில் 4 அடி உயரம்தான் மிஞ்சும். நிமிர்ந்து நடக்க முடியுமா? சாய்ப்பு 5, 6 அடி நீளம்தான் என்றால் ஓடு நன்றாகப் பொருந்தும். அதற்குத்தான் முதலில் சுவரை அளக்கச் சொன்னோம்.

பாரத்தையும் பார்க்கணும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு பிடிக்கும். 120 சதுர அடி சாய்ப்புக்கு 170 முதல் 200 ஓடு. எடை நானூறு, ஐந்நூறு கிலோ வந்துவிடும். கைமரமும் ரீப்பரும் அதைத் தாங்கும்படி இருக்கணும். அந்த மரச் செலவையும் சேர்த்துத்தான் கடன் கேட்கணும்.

சிமெண்ட் ஷீட்

ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் சொல்வது இதுதான். சிமெண்டோடு கல்நார் கலந்து செய்வது. விலை கட்டுப்படி, துரு பிடிக்காது. அதனால்தான் ஊரெங்கும் இருக்கிறது. ஆனால் சகோதரிகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கல்நார் வகை எல்லாமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. நம் கடைகளில் இன்னும் கிடைக்கிறது.

ஷீட்டை அறுக்கும்போது, துளை போடும்போது, உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நார் தூசியாகப் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். நோய் உடனே தெரியாது. இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். கல்நார் வேலை செய்த ஆண்களின் உடுப்பை உதறித் துவைத்த மனைவிமாருக்கும் இந்த நோய் வந்திருப்பதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே புதிதாகப் போடுகிறவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட்டும் வருகிறது. அதைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே போட்டிருக்கிற வீடுகள் பயந்துபோய் இன்றைக்கே பிரித்துப் போட வேண்டாம். உடையாமல் இருக்கிற ஷீட்டைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே மேல். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். உடைந்த துண்டை அடித்து நொறுக்கிப் பாதையில் கொட்டாதீர்கள். அடுப்புக்கு மறைப்பாக வைக்காதீர்கள். துண்டு விழுந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து எடுங்கள், காய்ந்தபடி பெருக்க வேண்டாம். இன்னொன்று: ஷீட் மேல் கால் வைத்து ஏறவே கூடாது. பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காமல் சட்டென்று உடைந்து ஆளைக் கீழே தள்ளிவிடும்.

தகரமும் கலர் ஷீட்டும்

இப்போது அதிகம் போடுவது இதைத்தான். எடை குறைவு, வாட்டம் கொஞ்சம் போதும். 10 அடி நீளத்துக்கு ஓர் அடி, ஒன்றரை அடி இறங்கினால் தண்ணீர் ஓடிவிடும். ஆனால் வாங்கும்போது ஏமாறுவது இங்கேதான். தடிமனை மி.மீ. கணக்கில் கேளுங்கள். 0.35 என்றும் 0.50 என்றும் வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 0.50 ஷீட்டில் 10 கிலோ இரும்பு என்றால் அதே நீள அகலமுள்ள 0.35-ல் 7 கிலோதான். சந்தேகமாக இருந்தால் எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "கேஜ்" கணக்கில் சொன்னால் எண் கூடக் கூடத் தகடு மெலிசு. இது தெரியாமல் பெரிய நம்பர்தான் கனம் என்று நினைத்துவிடக் கூடாது.

தகரத்தின் குறை சூடு. வெள்ளை அல்லது வெளிர் நிறத்தை எடுங்கள். கரும் நீலம், சிவப்பு எல்லாம் பார்க்க அழகு, வெயிலை இழுத்துக்கொள்ளும். கூரையை உயர்த்திப் போட்டு, சுவர் ஓரம் மேலே சூடான காற்று போக வழி விடுங்கள். சிமெண்ட் பரப்புக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் குளுமை. தகரத்துக்கு அடிக்க வேண்டாம், அரித்துவிடும். அதற்கு வெள்ளை பெயிண்ட்தான் சரி. அகமதாபாத் நகரில் 2017-ல் ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதை ஒரு திட்டமாகவே ஆரம்பித்தார்கள்.

வெளிச்சம் போதவில்லை என்றால் பைபர் அல்லது பாலிகார்பனேட் ஷீட் ஒன்றே ஒன்று நடுவில் சேர்க்கலாம். மிஷினுக்கு நேர் மேலே வேண்டாம், வெயில் தலையில் இறங்கும். பாலிகார்பனேட்டில் வெயில் தாங்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். ஒட்டியிருக்கும் தாளைப் படித்து அந்தப் பக்கத்தை மேலே வைக்கச் சொல்லுங்கள்.

காற்று

சாய்ப்பு மூன்று பக்கமும் திறந்தது. காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தபோது ஓடும் தகரமும் பறந்ததை டெல்டா சகோதரிகளைக் கேட்டால் சொல்வார்கள். பறக்கும் தகரம் கத்தி மாதிரி. ஆகவே ஓரங்களில் ஸ்க்ரூ நெருக்கமாக வேணும். ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில் அடிக்கணும், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். ரப்பர் வாஷர் இல்லாமல் அடிக்க விடாதீர்கள். தூண்களும் தரைக்குள் காங்கிரீட்டில் இறங்கியிருக்கணும்.

கடைசியாகக் கடன் கணக்கு

இருபத்து நான்கு தவணைக் கடன் வாங்கிக் கீற்று போட்டால், கடைசித் தவணை கட்டும்போது கூரையும் மக்கியிருக்கும். மறுபடி கடன். மெலிசான தகரம் துருப்பிடித்தாலும் இதே கதைதான். கடன் முடிவதற்குள் கூரை முடிந்துவிடக் கூடாது. கொஞ்சம் கூடுதல் விலையானாலும் கடன் முடிந்த பிறகு பல வருஷம் நிற்கிற கூரைதான் உண்மையில் மலிவு. பணம் போதவில்லையா? 12 அடி சாய்ப்பை 8 அடியாகக் குறையுங்கள். தடிமனைக் குறைக்காதீர்கள்.

ஆகவே கடன் குழுவின் வேண்டுகோள் இது. அடுத்த குழுக் கூட்டத்தில் சாய்ப்புக் கடன் மனு வந்தால், ஊக்குநரும் பிரதிநிதியும் ஐந்து விவரங்களைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்: சுவர் உயரம், சாய்ப்பின் நீள அகலம், என்ன கூரை, எத்தனை மி.மீ., அடுப்பு உண்டா இல்லையா. கடைக்குப் போகும்போது உறுப்பினரோடு இன்னொரு சகோதரியும் துணைக்குப் போகட்டும். எழுதப் படிக்கச் சிரமப்படுகிற உறுப்பினருக்கு இது பெரிய பலம்.

சேமிப்புப் புத்தகத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கேள்வி கேட்கிறவர்கள் நாம். தலைக்கு மேலே வரப் போகிற கூரைக்கும் அதே கேள்வியைக் கேட்போம்.