கூடைப்பந்தும் கூவும் கூட்டமும்



கூடைப்பந்தாட்டத்தில் கூடைக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கிறதே, அது பந்து பட்டுத் திரும்பிக் கூடைக்குள் விழுவதற்கு உதவியாக ஏற்பட்டது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. 1891ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பனிக்காலத்தில் வெளியே விளையாட வழியின்றிச் சலிப்புற்றிருந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இவ்விளையாட்டை வகுத்தபோது, பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் அறைந்து வைத்தார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது என்ற ஒரே காரணத்தால்தான் இன்றளவும் உலகமெங்கும் கூடை பத்தடி உயரத்தில் தொங்குகிறது. ஆட்டம் வெகு சீக்கிரத்தில் பிரசித்தி அடைந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாடத்தில் சாய்ந்து நின்றார்கள். நின்றவர்கள் சும்மா நின்றார்களா என்றால் இல்லை. தம் கட்சியின் பந்து வந்தால் கூடைக்குள் தள்ளியும், எதிர்க்கட்சியின் பந்து வந்தால் தட்டிவிட்டும் தாங்களும் கைங்கரியம் செய்யத் தலைப்பட்டார்கள். அந்தக் கைகளைத் தடுப்பதற்காகவே கூடைக்குப் பின்னால் முதலில் கம்பிவலையும் பிறகு மரப்பலகையும் வந்தன. 1917இல் இந்தியானா சர்வகலாசாலையின் புதிய கூடத்தில், மரப்பலகை ஆட்டத்தை மறைக்கிறது என்று பின்புறம் அமர்ந்திருந்த ஜனங்கள் முறையிடவே, மரம் போய்க் கண்ணாடி வந்தது.

ஆக, பலகை வந்ததும் ரசிகனால். அது கண்ணாடியாக மாறியதும் ரசிகனால். அவனுடைய கையை அடக்கிவிட்டார்களே தவிர வாயை அடக்க இதுவரை யாராலும் முடியவில்லை. தொழில்முறை ஆட்டங்களில் ஒலிபெருக்கி ஏவினால்தான் கூட்டம் கைதட்டும். பெரிய திரையில் எழுத்து மின்னினால்தான் கூச்சல் எழும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களிலோ, ஆடுகளத்தின் விளிம்பை ஒட்டி நிற்கும் மாணவர்களும், கூடைக்கு அருகே உட்கார்ந்து ஊதுகுழலும் முரசும் முழக்கும் மாணவ வாத்தியக் குழுவும் யாருடைய ஏவலுக்கும் காத்திராமல், தாங்களும் கட்சியில் சேர்ந்தவர்கள் என்ற பூரண நம்பிக்கையோடு நடந்துகொள்கிறார்கள். அந்த நம்பிக்கை வீணன்று என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

நெய்ஸ்மித் 1898இல் கன்ஸாஸ் சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே முதல் பயிற்சியாளரும் அவரே. 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்ற அவர் ஒருவர்தான் அச்சர்வகலாசாலையின் பயிற்சியாளர்களுக்குள் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் என்பதை அவ்வூரார் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவருடைய சிஷ்யர் ஃபாக் ஆலன் பெயரால் அச்சர்வகலாசாலை இருக்கும் லாரன்ஸ் நகரில் ஆலன் ஃபீல்டுஹவுஸ் என்ற அரங்கம் 1955ஆம் வருஷம் மார்ச் முதல் தேதி திறக்கப்பட்டது. கொரியா யுத்த காலத்தில் எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்தமையால், ஆயுதக் கிடங்காகவும் பயன்படும் என்று திட்டத்தில் காட்டி எஃகு பெற்றார்களாம். பதினையாயிரம் பேருக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும் அந்தக் கட்டடத்தில் மெத்தை வைத்த நாற்காலிகளைக் காட்டிலும் நீளப் பலகை ஆசனங்களே அதிகம். முழங்காலுக்கு முன்னால் இருப்பவர் முதுகு, முதுகுக்குப் பின்னால் இருப்பவர் முழங்கால்.

அங்கே ஆட்டத்துக்கு முன் நடக்கும் சம்பிரதாயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முதலில் எதிர்க்கட்சி ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக அறிவிக்கிறார்கள். அந்த நேரத்தில் மாணவர் பகுதி முழுவதும் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறது. ஏசுவதில்லை, ஊளையிடுவதில்லை, வந்திருப்பவர் யாராயிருந்தால் எனக்கென்ன, நான் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறேன் என்ற பாவனை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் காட்டும் அந்த அலட்சியம், எந்த வசைமொழியைவிடவும் கூர்மையானது என்பது என் அபிப்பிராயம். பிறகு, படிப்பதுபோல் பாவித்த அதே தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து மடியில் குவித்து வைத்துக்கொள்கிறார்கள். தம் கட்சியின் பெயர்கள் ஒலிக்கத் தொடங்கியதும் அவ்வளவும் மேலே பறந்து, விளக்கொளியில் சுழன்று, தலையிலும் தோளிலும் வாத்தியக் குழலின் வாயிலும் வந்து விழுகிறது.

அதற்கு முன்னரே, ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு அசைந்தாடிச் சர்வகலாசாலை கீதத்தைப் பாடி முடித்திருப்பார்கள். அதைத் தொடர்ந்து எழுவதுதான் 'ராக் சாக், ஜேஹாக், கே யூ' என்ற புகழ்பெற்ற கோஷம். 1886இல் ரசாயனப் பேராசிரியர் ஒருவர் தம் விஞ்ஞானக் கழகத்துக்காக அமைத்த கோஷம் அது. கூடைப்பந்தாட்டத்தைவிட ஐந்து வருஷம் மூத்தது. முதலிரண்டு முறை மெதுவாக, தேவாலயத்தில் ஓதுவது போன்ற தாழ்ந்த குரலில் இழுத்துச் சொல்லி, பின்னர் விரைவாக முழக்குவார்கள். வெற்றி நிச்சயமாகிவிட்ட கடைசி நிமிஷங்களில் மறுபடியும் அந்த இழுத்த குரல் எழும்போது, எதிர்க்கட்சியார் கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆட்டம் முடிந்தது என்பதை அந்தக் கோஷமே அறிவித்துவிடுகிறது. 2017ஆம் வருஷம் பிப்ரவரியில் இந்தக் கூட்டத்தின் ஆரவாரம் 130.4 டெசிபல் என்று அளந்து கின்னஸ் பதிவேட்டில் ஏற்றினார்கள்.

நெய்ஸ்மித் தட்டச்சு செய்வித்த மூல விதிகள் இரண்டே தாள். அவற்றை 2010இல் டேவிட் பூத் என்ற பழைய மாணவர் 43 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். இப்போது அவை அரங்கத்தை அடுத்த கட்டடத்தில் இருக்கின்றன. கோஷம் போட வருகிறவர்கள் விதிகளையும் தரிசித்துவிட்டுப் போகலாம்.

இனி, வட கரோலினா மாநிலத்து டர்ஹம் நகருக்குப் போவோம். ட்யூக் சர்வகலாசாலையின் காமெரான் உள்ளரங்கம் 1940ஆம் வருஷம் ஜனவரி மாதம் திறக்கப்பட்டது. 9,314 பேருக்கு மட்டுமே இடம். இச்சர்வகலாசாலையின் கற்கட்டடங்களை வரைந்தவர் ஜூலியன் ஏபல் என்ற கறுப்பினக் கட்டடக்கலைஞர். கறுப்பின மாணவர்களுக்கு அக்காலத்தில் அங்கே அனுமதியே இல்லை. தாம் வரைந்த வகுப்பறையில் தம் இனத்துப் பிள்ளை உட்காரக்கூடாது என்ற நிலை 1960களில்தான் மாறியது. இன்று அங்கே ஆரவாரம் செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்குமோ, தெரியாது.

காமெரானில் மாணவர்கள் ஆடுகளத்தின் நீளப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அவர்களுக்கும் ஆடுகளத்துக்கும் இடையே ஒரு வரிசை பத்திரிகை நிருபர்கள் மட்டுமே. எல்லைக்கோட்டில் நின்று பந்தை உள்ளே எறிய வரும் எதிர்க்கட்சிக்காரனுடைய காதருகே நீலச்சாயம் பூசிய கைகள் நூற்றுக்கணக்கில் நீண்டு, விரல்களை நெளித்துக் கூச்சலிடுகின்றன. குறிப்பெழுதும் நிருபரின் தோளிலும் நீலச்சாயம் ஒட்டிக்கொள்கிறது. இந்த இடத்தைப் பிடிப்பதற்குப் பணம் போதாது, தவம் வேண்டும். பத்து மைல் தூரத்திலுள்ள சாப்பல் ஹில்லிலிருந்து பரம வைரியான வட கரோலினா சர்வகலாசாலைக் குழு வரும் ஆட்டத்துக்காக, மாணவர்கள் ஜனவரிக் குளிரில் வாரக்கணக்காகப் புல்வெளியில் கூடாரம் அடித்துக் கிடக்கிறார்கள். 1986இல் தோன்றிய வழக்கம் இது. அப்போதைய பயிற்சியாளர் மைக் ஷஷெஃப்ஸ்கியின் பெயரை வைத்து அந்தக் கூடாரத்திடலை ஓர் ஊராகவே ஆக்கிவிட்டார்கள். நள்ளிரவில் மாணவக் கண்காணிப்பாளர் வந்து தலை எண்ணுவார். கணக்கு குறைந்து பிடிபட்டால் வரிசையில் இடம் போகும்.

இத்தகைய பக்தி வரம்பு மீறுவதும் உண்டு. 1984ஆம் வருஷம் ஜனவரியில் மேரிலாந்து குழு விளையாட வந்தபோது, அதன் ஆட்டக்காரர் ஒருவரைக் குறித்து மாணவர்கள் மிகக் கீழ்த்தரமாக நடந்துகொண்டார்கள். அப்போது சர்வகலாசாலையின் தலைவராக இருந்தவர், முன்னாள் கவர்னர் டெரி ஸான்ஃபோர்டு. அவர் போலீஸைக் கூப்பிடவில்லை, அபராதம் விதிக்கவில்லை, மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதினார். சமத்காரமாகக் கேலி செய்யுங்கள், ஆபாசம் வேண்டாம், உங்களால் நமக்கெல்லாம் தலைகுனிவு என்ற பொருள்பட எழுதி, அடியில் 'டெரி மாமா' என்று கையெழுத்திட்டார். அதே அரங்கில் அடுத்து வந்தது வட கரோலினாவுடன் ஆட்டம். மாணவர்கள் தகட்டுக் காகிதத்தைச் சுருட்டித் தேவதூதர்களின் ஒளிவட்டம்போல் தலைக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து, கனம் பொருந்திய விருந்தினர்களுக்கு நல்வரவு கூறும் அட்டைகளைப் பிடித்தார்கள். நடுவரின் தீர்ப்பு பிடிக்காதபோது, வழக்கமான வசைக்குப் பதிலாக, 'நாங்கள் பணிவுடன் மாறுபடுகிறோம்' என்று ஒரே குரலில் ஓலமிட்டார்கள். மைக்கேல் ஜோர்டான் இடம்பெற்ற வட கரோலினாவே அன்று வென்றது. இருந்தாலும், அதிகாரி ஒருவர் எழுதிய புத்திமதிக் கடிதத்துக்கு இதைவிட மரியாதையான, இதைவிடக் குறும்பான பதிலை நான் கேள்விப்பட்டதில்லை.

ரசிகனுக்கென்றே அமைந்த கட்டம் ஃப்ரீ த்ரோ. எதிரி தவறிழைத்ததால் கிடைத்த வாய்ப்பு அது. பதினைந்தடி தூரத்தில் நின்று, குறுக்கே யாரும் கை நீட்டாமல் பந்தை எறியலாம். ஆனால் எறிகிறவனுக்கு எதிரே கண்ணாடிப் பலகை. அதன் வழியே தெரிவது கூத்தாடும் மாணவர் கூட்டம். அரிஸோனா மாநில சர்வகலாசாலையில் 2013 முதல் இதற்கென்று ஒரு கறுப்புத்திரையே வைத்திருக்கிறார்கள். எறிகிற தருணத்தில் திரை விலகும், விசித்திர வேஷங்கள் குதிக்கும். 2016இல் திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டவர் சாட்சாத் ஒலிம்பிக் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ். நீச்சல் உடையில், கழுத்து நிறையப் பதக்கங்களோடு. எறியவேண்டியவர் இரண்டு முறையும் தவறவிட்டார். இந்தியானாவிலுள்ள டெய்லர் சர்வகலாசாலை நேர்மாறானது: டிசம்பரில் ஓர் ஆட்டத்தில், தம் கட்சி பத்தாவது புள்ளி எடுக்கும் வரை மாணவர்கள் மூச்சுக்கூட விடாமல் இருப்பார்கள்; பத்தாவது விழுந்ததும் கூரை பறக்கும்.

வென்ற களிப்பில் கூட்டம் ஆடுகளத்துக்குள் பாய்வதை மட்டும் என்னால் ஆதரிக்க முடியவில்லை. 2024 பிப்ரவரியில் வேக் ஃபாரஸ்ட் சர்வகலாசாலை அரங்கில் அப்படிப் பாய்ந்தபோது, ட்யூக் ஆட்டக்காரர் ஒருவர் முட்டப்பட்டு முழங்காலில் அடிபட்டு, தோழர்கள் தாங்க வெளியேறினார். விருந்தாளியை வாயால் வதைக்கலாம். உடம்பில் கை படக்கூடாது.

பெருங்கூட்டத்தில் இன்பமும் பெருகும் என்று கருதுவதும் பிசகு. 1968இல் ஹூஸ்டன் நகரத்து அஸ்ட்ரோடோம் அரங்கில், யூ.சி.எல்.ஏ., ஹூஸ்டன் ஆகிய சர்வகலாசாலைகள் ஆடிய ஆட்டத்துக்கு 52,693 பேர் வந்தார்கள். நடு மைதானத்தில் தனித்தீவுபோல் கிடந்த ஆடுகளம் பலருக்குத் தீப்பெட்டி அளவே தெரிந்தது. இன்று ஆண்கள் தேசிய சாம்பியன் பட்டத்தின் இறுதி ஆட்டங்களை அத்தகைய கால்பந்து அரங்குகளிலேயே நடத்துகிறார்கள். வசூல் பெரிது, ரசம் சிறிது.

நேயர்களில் பலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரையில் அங்கே போக நேர்ந்தால், பிள்ளையிடம் சொல்லி ஓர் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கச் செய்யுங்கள். பெண்கள் ஆட்டமானாலும் தயங்க வேண்டாம், 2024இல் பெண்கள் இறுதி ஆட்டத்தை ஆண்கள் ஆட்டத்தைவிட அதிகம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். பெரிய அரங்கை விட்டுப் பழைய, சிறிய அரங்கைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள், இல்லாவிட்டால் சம்பிரதாயங்கள் தவறிப்போகும். மாணவர் பகுதியிலேயே இடம் கிடைத்துவிட்டால், முழங்கால் வலி உள்ளவர்கள் ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது. அங்கே ஆட்டம் முடியும்வரை யாரும் உட்காருவதில்லை.