அச்சத்தின் எதிரில் நிற்கப் பழகுதல்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



திருமண மண்டபம் மூன்றாம் மாடியில் என்று கேள்விப்பட்டதும் உடல்நலமில்லை என்று கூறி வீட்டிலேயே தங்கிவிடுபவர் நம் குடும்பங்கள் பலவற்றிலும் உண்டு. லிஃப்டில் ஏற மாட்டார். மாடியிலிருந்து கீழே பார்த்தால் கால்கள் நடுங்கும். நாம் ஒன்று கேலி பேசுகிறோம். அல்லது பரிவு என்றெண்ணி அவர் ஒதுங்கிக்கொள்ள உதவுகிறோம். அந்தப் பரிவும் நோயையே வளர்க்கிறது.

அஞ்சியதை விட்டு விலகினால் உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே, "விலகியதால்தான் பிழைத்தோம்" என்று மனத்திற்குக் கற்பித்துவிடுகிறது. எனவே அஞ்சியதைப் படிப்படியாக எதிர்கொண்டு, பதற்றம் தணியும் வரை அங்கேயே நிற்கப் பழக்குவது உளவியலில் நெடுநாளாக உள்ள சிகிச்சை. ஆனால் உயரத்திற்கு அஞ்சுபவரை முதல் நாளே பாலத்திற்கு அழைத்தால், மறுநாள் அவர் சிகிச்சைக்கே வரமாட்டார்!

இதற்குத்தான் மெய்நிகர் காட்சி கைகொடுக்கிறது. கண்களை மூடி அணியும் கருவிக்குள் கணினி ஓர் உலகை வரைந்து காட்டும்; தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். பொய்யென்று அறிவு அறிந்திருந்தும் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். சிகிச்சைக்கு வேண்டியதும் அதுவே.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் பார்பரா ராத்பாம், லேரி ஹாட்ஜஸ் குழுவினர் உயர அச்சமுள்ள மாணவர்களை இவ்வாறு பாலங்களிலும், மாடி முகப்புகளிலும், 49 மாடி ஏறும் கண்ணாடி லிஃப்டிலும் நிறுத்தினர். 1995-இல் அதன் முடிவு வெளியானது. சிகிச்சையை முடித்த 10 பேரில் 7 பேர், எவரும் சொல்லாமலேயே, உண்மையான உயரங்களுக்குத் தாமாகச் சென்று பார்த்தனர்.

கலப்பு மெய்மை என்பது சற்று வேறு. அதில் நம் கையும் மேசையும் உண்மை. அவற்றின் மேல் ஊரும் பூச்சி மட்டும் பொய். ஸ்பெயினில் கிறிஸ்டினா போட்டெல்லா குழுவினர் கரப்பான் பூச்சிக்கு அஞ்சிய ஒரு பெண்ணுக்கு இம்முறையில் சிகிச்சை அளித்து 2005-இல் எழுதினர். முடிவில் அவர் உயிருள்ள பூச்சியைத் தாமே நெருங்கிக் கொன்றார். கரப்பானைக் கண்டு அலறுபவரை வீட்டில் எவ்வளவு கேலி செய்திருப்போம்!

2018-இல் ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃப்ரீமன் குழுவினர் 100 பேரிடம் ஆய்வு நடத்தினர். அவர்களில் 49 பேருக்குக் கருவி வழிச் சிகிச்சை. கருவிக்குள் தோன்றும் உருவமே ஆசிரியர். கற்பனைக் கட்டடத்தின் உயரத்தில் பூனையை மீட்பது போன்ற பணிகள். மொத்தம் ஏறத்தாழ 2 மணி நேரப் பயிற்சியில் அச்சம் சராசரியாக 68 விழுக்காடு குறைந்தது.

சிலருக்குக் கருவியால் தலைசுற்றல் வருவதுண்டு. நோய் இன்னதென்று மருத்துவர் கண்டறியாமல் கடையில் வாங்கி மாட்டிக்கொள்வதும் சிகிச்சையாகாது. கருவி கிடைக்காத ஊரில், அதே படிப்படியான பயிற்சியை உளவியல் வல்லுநர் கருவியின்றியே அளிப்பார். நம் வீட்டில் ஒதுங்கி நிற்பவரை அவரிடம் அழைத்துச் செல்வோம். முதல் நாள் உடன் சென்று வெளியே காத்திருப்போம்.