பீமில் உளி வைக்கும் முன்
(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஆற்றிய உரை)



நம் பிளாக்குகளில் இப்போது வீட்டு வேலைகள் நிறைய நடக்கின்றன. ஏசி குழாய்க்கு ஓட்டை, பால்கனிக்குப் புது டைல்ஸ், மண் தொட்டிகள். இவற்றைத் தொடங்குவதற்கு முன், பீம் எப்படிச் சுமை தாங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றைப் படுக்கைவாட்டில் இரண்டு புத்தகங்களின் மேல் வைத்து நடுவில் அழுத்துங்கள், உடனே வளையும். அதையே விளிம்பில் நிறுத்தி அழுத்துங்கள், வளையாது. பீமின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்குதான் ஆகும். உயரத்தை இரட்டித்தாலோ எட்டு மடங்கு! உயரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், விறைப்பு கால் பங்குக்கு மேல் போய்விடும். ஆகவே, ஃபால்ஸ் சீலிங்குக்கு இடைஞ்சல் என்று பீமின் அடியைச் செதுக்கவே கூடாது.

இன்னொன்று. பீம் வளையும்போது அதன் மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலு அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்டவே, நடுப்பகுதியில் பீமின் அடியில் கம்பிகளைப் போடுகிறோம். ஏசி குழாய்க்காக அந்தக் கம்பியை அறுத்தால், இழுப்பைத் தாங்க அங்கே வேறெதுவும் இல்லை.

பால்கனியில் கதை தலைகீழ். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாப் என்பதால், அங்கே இழுபடுவது மேல்பக்கம். முக்கியக் கம்பியும் மேலேதான் இருக்கும். பழைய டைல்ஸைப் பெயர்க்கும்போது பிரேக்கர் மெஷின் ஆழமாக இறங்கினால் அடிபடுவது அந்தக் கம்பிதான். சுவரை ஒட்டிய இடத்தில்தான் இழுப்பு மிக அதிகம். அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

எடையையும் பாருங்கள். இந்தியத் தர விதிப்படி, வீட்டு அறைகளுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, பால்கனிக்குச் சுமார் 300 கிலோ என்று கணக்கிடுகிறோம். ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே சதுர மீட்டருக்கு 450 கிலோ. ஈர மண் அதைவிடக் கனம். தொட்டிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், இருப்பவற்றைச் சுவரோரமாக வையுங்கள். கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகப்போக, அதே எடை ஸ்லாபை அதிகமாக வளைக்கும்.

வேலை தொடங்கும் முன் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். பீம், தூண், ஸ்லாப் எதைத் தொடுவதானாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். பீமின் அடியில் விரிசலோ, துருக்கறையோ தெரிந்தால் பெயின்ட் அடித்து மறைக்காமல் உடனே சொல்லுங்கள். உங்கள் வீட்டு பீம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. மேல் வீட்டுக்காரரையும் அதுதான் தாங்குகிறது.