சொல்லுக்கு யார் பொருள் சொல்வது?

(தாம்பரத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வாரம் இஷாவுக்குப் பின் கடைவீதியில் நம் தம்பிகள் இருவர் ஒரு கல்லூரி மாணவரோடு மோதிக்கொண்டிருந்தார்கள். மனிதன் படைக்கப்பட்டானா, பரிணாமத்தால் வந்தானா என்பது பேச்சு. அரை மணி நேரம் நின்று கேட்டேன். படைப்பைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. 'தியரி என்றால் வெறும் ஊகம். அகராதியைப் பார்' என்றார் நம் தம்பி. 'விஞ்ஞானத்தில் அதற்குப் பொருள் வேறு' என்றார் மாணவர். நம்மவர்கள் சிரித்துவிட்டு, வென்றதாக நினைத்து டீ குடிக்கப் போனார்கள்.

மாணவர் சொன்னதுதான் சரி, சகோதரர்களே!

அகராதிப் பொருள் வேறு, ஒரு துறையார் வழங்கும் பொருள் வேறு. 'லுகத்', 'இஸ்திலாஹ்' என்று மதரஸாவில் இதைத்தானே படிக்கிறோம்? 'ஸலாத்' என்பதற்கு அகராதியில் பிரார்த்தனை என்று பொருள். வீட்டில் உட்கார்ந்தபடி கையேந்திவிட்டு 'லுஹர் முடிந்தது' என்று ஒருவர் சொன்னால் விடுவோமா? 'ஜகாத்' என்பதற்கு வளர்ச்சி என்றும் பொருள் உண்டு. 'என் வியாபாரம் வளர்ந்துவிட்டது, ஜகாத் நிறைவேறிவிட்டது' என்று எந்த வணிகராவது சொல்ல முடியுமா? (சொல்ல ஆசைப்படுவோர் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்!) நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்பதும் விஞ்ஞானிகள் மொழியில் 'தியரி'தான். ஊகம்தானே என்று மருந்தை வீசி எறிகிறோமா?

'ஜிஹாத்' என்ற சொல்லுக்குப் பத்திரிகைகள் தம் விருப்பம்போல் பொருள் எழுதும்போது, 'எங்கள் சொல்லுக்கு எங்களிடம் பொருள் கேள்' என்கிறோம். அந்த நியாயம் அடுத்தவருக்கு இல்லையா? அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டிக்கும் 83-வது அத்தியாயம் அரிசிக் கடைத் தராசுக்கு மட்டும்தானா?

இன்னொன்றையும் பாருங்கள். ஆறு நாட்களில் படைப்பு என்பதை ஒருவர் கேலி செய்தால் உடனே 22:47, 70:4 வசனங்களைக் காட்டுகிறோம். ஒரு நாள் ஆயிரம் ஆண்டாகவும் ஐம்பதாயிரம் ஆண்டாகவும் அங்கே சொல்லப்படுகிறது. 'யவ்ம்' என்றால் 24 மணி நேரம் என்று கட்டாயமில்லை என்கிறோம். சரியான பதில்தான். ஆனால் நமக்கு வேண்டிய சொல்லை விரிக்கிறோம், எதிராளியின் சொல்லைச் சுருக்குகிறோம்.

தாம்பரத்திலிருந்து மூன்றாவது ரயில் நிலையம் பல்லாவரம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வகைக் கருவிகள் அத்திரம்பாக்கத்தில் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என 2011-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இதைக் கேட்டு நம் தம்பிகள் ஏன் பதற வேண்டும்? ஆதம் (அலை) அவர்களின் காலத்தை ஆண்டுக் கணக்கில் குர்ஆன் சொல்லவே இல்லை. கி.மு. 4004-ல் உலகம் படைக்கப்பட்டது என்று 1650-ல் கணக்கிட்டவர் உஷ்ஷர் என்ற கிறிஸ்தவப் பேராயர். அந்தச் சுமையை நாம் ஏன் தூக்க வேண்டும்?

டார்வின் கொள்கை தவறு என்று 2018-ல் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் சொன்னபோது நம்மில் சிலர் மகிழ்ந்தார்கள். நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் அவரைக் கூட்டாக மறுத்தன. 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடம் நீங்கியபோதும் அதே மகிழ்ச்சி. நாளை நீட் எழுதப்போகும் நம் பிள்ளைக்குத்தானே நஷ்டம்? மறுப்பதற்கும் முதலில் படித்திருக்க வேண்டாமா?

மறுநாள் அந்தத் தம்பியை மாணவரிடம் அனுப்பி, 'உங்கள் சொல்லின் பொருளை நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்கச் சொன்னேன். போனார். மாணவர் விளக்கிவிட்டு, 'யவ்ம் என்றால் என்ன?' என்று பதிலுக்குக் கேட்டாராம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் இருவரும் என்னிடம் வருகிறார்கள், இன்ஷா அல்லாஹ்.