அருகிருப்பவரும் மருந்தே
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இசையையும் இலக்கியத்தையும் விடுத்து, டிஸ்பென்சரியில் எழும் கூச்சலைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் தில்லிவாழ் தமிழர்க்கு இஃது அயலார் செய்தியன்று. மத்திய அரசு சுகாதாரத் திட்டம் 1954-ஆம் ஆண்டில் இந்நகரில்தான் தொடங்கிற்று. அதன் மருந்தகங்களில் வரிசையில் நின்று வளர்ந்தவர்களே நம்முள் பலர். அங்கே மருத்துவர்மீது ஒருவர் கையோங்கினால், இழப்பு வரிசையில் நிற்கும் அனைவருக்குமே உரியது.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக வைத்தார். இன்றோ மருத்துவரைத் தாக்குவோர் பெரும்பாலும் நோயாளியுடன் வந்தவர்களே. மருந்தாக இருக்கவேண்டியவர் நோயாக மாறிவிடுகின்றனர்.

2019 ஜூன் திங்களில் கொல்கத்தாவில் முதியவர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து இளம் மருத்துவர்கள் தாக்கப்பட்டனர். அதனால் நாடெங்கும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் அரசு மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கத்தியால் குத்தப்பட்டார். இத்தகைய அச்சம் பரவினால் விளைவது யாது? கவலைக்கிடமான நோயாளியை ஏற்கச் சிறு மருத்துவர் தயங்குவார். 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று அனுப்பிவிடுவார். வழியிற் கழியும் நேரம் ஓர் உயிரின் விலையாகலாம்.

சினத்திற்கு வேர் பெரும்பாலும் அச்சமும் அறியாமையுமே. மூச்சுத் திணறலோடு பின்னால் வந்தவரை முன்னே அழைக்கும்போது, காத்திருப்பவருக்குக் காரணம் தெரிவதில்லை. ஊரிலிருந்து வந்த தாயாருக்கு இந்தி தெரியாது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. இடையில் நிற்கும் மகன் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பதறுகிறான்.

ஆகவே மருத்துவமனையார்க்குச் சில கடமைகள் உண்டு. தாமதத்தின் காரணத்தை முன்கூட்டியே சொல்லவேண்டும். நோயின் கடுமையைத் தொடக்கத்திலேயே, தனியிடத்தில் அமரவைத்து விளக்கவேண்டும். குரல் உயர்ந்தால் எதிர்க்குரல் எழுப்பலாகாது. சினந்தவரோடு தனித்திருத்தலும், அவர் வாயிலை அடைத்து நிற்க இடங்கொடுத்தலும் ஆகா. அச்சுறுத்தல் தொடர்ந்தால் காவலரை அழைத்து, நடந்ததை எழுத்தில் பதியவேண்டும். 'நோயாளிதானே' என்று செவிலியரைப் பொறுத்துப் போகச் சொல்வது நீதியாகாது.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. மருத்துவப் பணியாளரைக் காக்கத் தில்லியிலும் தமிழ்நாட்டிலும் 2008-இல் சட்டங்கள் இயற்றப்பட்டன. தொற்றுநோய்க் காலத்துக்கென 2020-இல் திருத்தப்பட்ட சட்டம், கொடுங்காயம் விளைவித்தவருக்கு 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. ஆனால் தண்டனை காயத்துக்குப் பின்னரே வருகிறது. காயம் நேராமற் காப்பது நம் நடத்தையே.

மருத்துவர் பிழைசெய்தால் வாய்மூடி இருப்பதா எனக் கேட்கலாம். வேண்டா! மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் விதி. மாநில மருத்துவ மன்றத்தில் முறையிடலாம். கட்டணம் பெறும் மருத்துவப்பணி நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. கையோங்கியவரோ தம் நியாயத்தையும் இழந்து நிற்பார்.

நம் சங்கத்தார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இருமொழியும் அறிந்த இளைஞர் சிலர் முறைவைத்துக் கொண்டு, மொழியறியா முதியோருடன் மருத்துவமனைக்குச் செல்லட்டும். ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே மருத்துவரிடம் பேசட்டும். நம்முள் சினம் மிக்கவரை நாமே கைப்பற்றி வெளியே அழைத்து வருவோம். அருகிருந்து பேணுபவர் அமைதியாக இருந்தால், மருத்துவரின் கை நடுங்காமல் தன் பணியைச் செய்யும்.