பூங்காவில் நடந்தா மட்டும் போதுமா?

காலை ஆறு மணிக்கு நம்ம ஊர்ப் பூங்காக்களைப் பாருங்க, நடைபாதையில கூட்டம் இருக்கும். ஓரமா நிற்கிற உடற்பயிற்சிக் கருவிகள்ல குழந்தைங்கதான் ஊஞ்சலாடுவாங்க.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேணும். வேகமா நடந்தாலே அது கிடைச்சிடும். (நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் கணக்கு!) ஆனா, வாரத்துல 2 நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சியும் வேணும்னு அதே வழிகாட்டுதல் சொல்லுது. இதைத்தான் பலரும் விட்டுடறோம். 65 வயசு தாண்டினவங்க, தடுமாறி விழாம இருக்க, 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்யணும். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்ச பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு இதோட அருமை தெரியும்.

கருவியே வேண்டாம். பூங்கா பெஞ்சுல கையை ஊன்றாம பத்து தடவை உட்கார்ந்து எழுந்திரிங்க. அப்புறம் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நில்லுங்க. மூட்டுவலி, இதயநோய் இருந்தா முதல்ல டாக்டரைக் கேட்டுக்குங்க.

கருவி உடைஞ்சிருக்கா? விளக்கு எரியலையா? இருட்டா இருந்தா, வேலை முடிஞ்சு சாயங்காலம் வர்ற பெண்கள் எப்படி உள்ளே வருவாங்க? சென்னையில இருக்கிறவங்க 1913-க்குக் கூப்பிடுங்க, இல்லைன்னா ‘நம்ம சென்னை’ செயலியில பதிவு பண்ணுங்க. புகார் எண்ணை மறக்காம குறிச்சு வச்சுக்குங்க, பின்னாடி விசாரிக்க அதுதான் உதவும்.