கையெழுத்து விழாத ரெண்டு ஃபைல்

"குடியரசுத் தலைவர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப்தானே, அவருக்கு எதுக்கு 340 அறை மாளிகை?" நம்ம நண்பர்கள் வட்டத்துல இந்தக் கேள்வி வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரும். அப்போ நான் சொல்ற பேரு கே.ஆர்.நாராயணன். இன்னைக்கு அவரைப் பத்திதான் பேசப்போறோம்.

ஆள் யாருன்னு சுருக்கமா சொல்லிடுறேன். கேரளாவுல உழவூர்னு ஒரு கிராமம். தலித் குடும்பம், அப்பா நாட்டு வைத்தியர். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பல கிலோமீட்டர் நடை. ஃபீஸ் கட்டாததால வகுப்புக்கு வெளியில நின்னு பாடம் கேட்ட நாட்களும் உண்டு. திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துல ஆங்கில இலக்கியம், கொஞ்ச நாள் 'தி இந்து'வுல வேலை, அப்புறம் டாடா உதவித்தொகையோட லண்டன்ல படிப்பு. 1949ல வெளியுறவுப் பணி. சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதர், ஜே.என்.யூ. துணைவேந்தர், ஒற்றப்பாலத்துல மூணு தடவை எம்.பி. 1997 ஜூலைல டி.என்.சேஷனைத் தோற்கடிச்சு, நாட்டோட முதல் தலித் குடியரசுத் தலைவர். இந்த பயோடேட்டாவுக்கே தனி எபிசோட் போடலாம். ஆனா எனக்கு சுவாரசியமா இருக்கிறது அதுக்கப்புறம் நடந்தது.

அதுக்கு ரூல் தெரியணும். 74வது பிரிவுப்படி, அமைச்சரவை சொல்றபடிதான் குடியரசுத் தலைவர் நடக்கணும். எமர்ஜென்சி காலத்துல, 1976ல, இதை இன்னும் இறுக்கமா எழுதி வச்சாங்க. 1978ல 44வது திருத்தம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தது: 'மறுபடி யோசிங்க'ன்னு ஒரே ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். அதே ஃபைல் திரும்ப வந்தா கையெழுத்து போட்டே ஆகணும். நம்ம பாஷைல சொன்னா, கோட் ரிவ்யூல ஒரு தடவை 'மாத்துங்க'ன்னு கமென்ட் போடலாம். அடுத்த ரவுண்டுல உங்க ஸ்க்ரீன்ல அப்ரூவ் பட்டன் மட்டும்தான் இருக்கும். இப்படி ஒரு ரிவ்யூவரை எந்த டீம்ல மதிப்பாங்க?

மாநில ஆட்சியைக் கலைக்கிற 356வது பிரிவுல அந்த ஜன்னலை யாருமே தொடல. நம்ம ஊர்க் கதையே இருக்கே. 1991 ஜனவரில தி.மு.க. ஆட்சியைக் கலைச்சப்போ ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். ஆனாலும் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் கையெழுத்து போட்டார். அவரும் தமிழர்தான்.

1997 அக்டோபர், உத்தரப்பிரதேசம். சட்டசபைல மைக்கைப் பிடுங்கி எறிஞ்சு ரத்தம் வர அளவுக்கு அடிதடி. அந்தக் களேபரத்துக்கு நடுவுல பா.ஜ.க. முதல்வர் கல்யாண் சிங் நம்பிக்கை வாக்கெடுப்புல ஜெயிச்சார். ஆளுநர் ரொமேஷ் பண்டாரி ஆட்சியைக் கலைக்கச் சொன்னார், குஜ்ரால் அமைச்சரவையும் அதையே பரிந்துரைச்சது. பெரும்பான்மையை சபைலதான் சோதிக்கணும்னு 1994லயே பொம்மை வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. நாராயணன் ஃபைலைத் திருப்பி அனுப்பினார். 356 பரிந்துரை ஒன்னு குடியரசுத் தலைவர்கிட்ட இருந்து திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. மறுபடி அனுப்பியிருந்தா அவரால தடுத்திருக்க முடியாது. அரசாங்கம் அனுப்பல. நாடே பார்த்துட்டிருக்கும்போது, ஜெயிச்ச முதல்வரை ரெண்டாவது தடவையும் கலைக்கச் சொல்ல தைரியம் வேணும்ல.

சரி, இவர் பா.ஜ.க. பக்கமோன்னு நினைச்சவங்களுக்கு அடுத்த வருஷமே பதில் வந்தது. 1998 செப்டம்பர்ல வாஜ்பாய் அரசு பீகார்ல ராப்ரி தேவி ஆட்சியைக் கலைக்கச் சொன்னது. அதையும் திருப்பி அனுப்பினார். ஒரே ரூல், எதிரெதிர் கட்சிகள். இந்த இடத்துலதான் எனக்கு அவர் மேல மரியாதை கூடுச்சு.

1999 பிப்ரவரில, பீகார்ல தலித் மக்கள் படுகொலைகளுக்குப் பிறகு, பரிந்துரை மறுபடி வந்தது. இந்தத் தடவை கையெழுத்து போட்டார், ரூல் அதுதான். ஆனா மாநிலங்களவைல அரசுக்கு எண்ணிக்கை இல்லாததால, ஒரு மாசத்துக்குள்ள அவங்களே வாபஸ் வாங்கினாங்க. ராப்ரி தேவி திரும்ப முதல்வர் ஆனார்.

இடைல ஒரு குட்டி விஷயம். நடுநிலைக்காகன்னு முந்தைய தலைவர்கள் ஓட்டுப் போடாம ஒதுங்கியிருந்தாங்க. இவர் 1998 தேர்தல்ல க்யூல நின்னு ஓட்டுப் போட்டார். அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு, வழக்கமான உரைக்குப் பதிலா பத்திரிகையாளர் என்.ராமுக்குப் பேட்டி கொடுத்தார். ரப்பர் ஸ்டாம்பும் இல்லாம, அதிகாரம் செலுத்துற தலைவராவும் இல்லாம, அரசியலமைப்போட எல்லைக்குள்ள வேலை செய்ற தலைவர்னுதான் தன்னை அவர் பார்த்தார்.

அந்த எல்லை எவ்வளவு குறுகலானதுன்னு 2002ல தெரிஞ்சது. குஜராத் கலவரத்தப்போ, ராணுவத்தை இறக்கச் சொல்லி வாஜ்பாய்க்குக் கடிதங்கள் எழுதினதா அவரே பின்னாடி சொன்னார். திருப்பி அனுப்புறதுக்கு அவர் மேஜைல அப்போ எந்த ஃபைலும் வரல. எழுதுறது மட்டும்தான் மிச்சம். உத்தரப்பிரதேச ஃபைல் திரும்பினது அப்பவே தலைப்புச் செய்தி. இந்தக் கடிதங்களைப் பத்தி அவர் வெளிப்படையா பேசினது 2005ல. அந்த வருஷம் நவம்பர்ல அவர் இறந்துட்டார்.